மருந்துச்சீட்டு இல்லாத வைத்தியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் குண்டாவது பற்றிப் பேப்பரில் அடிக்கடி வருகிறது. பரோட்டாவைத் திட்டுகிறார்கள், செல்போனைத் திட்டுகிறார்கள். வைத்தியச் செலவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 22 வருடம் பில்லிங்கில் இருந்தவன். அங்கே சனிக்கிழமை 2 மணி முதல் 6 மணி வரை குழந்தைகளுக்கு எடை கிளினிக் நடந்தது. ஒன்றரை வருடத்தில் மூடிவிட்டார்கள். இப்போது அது ரத்தம் எடுக்கும் அறை. மூடுவதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

கணக்கு சுலபம். ஒரு பிள்ளைக்கு 45 நிமிடம் ஆகும். அம்மா, அப்பா, வீட்டில் சமைக்கிற பாட்டி எல்லாரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். ஒரு மதியத்துக்கு 5 பிள்ளைகள், தலைக்கு 250 ரூபாய், ஆக 1,250. டயட்டீஷியன் சம்பளத்துக்கே காணாது. பக்கத்து அறையில் அதே நேரத்தில் 40 காய்ச்சல் பிள்ளைகளைப் பார்த்துவிடுவார்கள். எல்லாரும் சீட்டோடு பார்மஸிக்குப் போவார்கள், பாதிப் பேர் லேபுக்கும் போவார்கள். ஆஸ்பத்திரிக்கு லாபம் அங்கேதான், டாக்டர் ஃபீஸில் அல்ல. எடை கிளினிக்கிலிருந்து வரும் பிள்ளை கையில் சீட்டே இருக்காது.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். பள்ளி விட்டதும் இரண்டு பஜ்ஜி, ஒரு ரோஸ்மில்க் அவன் வழக்கம். நாலு மாதத்தில் ரோஸ்மில்க்கை விட்டான், பஜ்ஜி ஒன்றானது, சாயங்காலம் ஓட ஆரம்பித்தான். எடை மட்டும், முதல் தடவை வந்த அன்றைக்கு இருந்த அதே 56 கிலோ. உயரம் 2 செ.மீ. கூடியிருந்தது. வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறாமல் நிற்பதே முன்னேற்றம் என்று டயட்டீஷியனுக்கு ஒரே சந்தோஷம். அவன் அப்பாவோ என் கவுண்ட்டருக்கு வந்து, "ஊசி இல்லை, மாத்திரை இல்லை, கிலோவும் குறையலை. எதுக்கு சார் 250?" என்றார். அரைநாள் கடையை அடைத்துவிட்டு, காளவாசலில் இருந்து ஆட்டோ பிடித்து வந்தவர். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர்களும் வரவில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3 முதல் 12 மாதத்துக்குள் குறைந்தது 26 மணி நேரம் குடும்பத்தோடு நேரில் உட்காரச் சொல்கிறது. எங்கள் கணக்கில் அது 35 தடவை, 8,750 ரூபாய். அதைக் கட்டினாலும் ஆஸ்பத்திரிக்கு நஷ்டம்தான்.

அரவிந்த் கண் மருத்துவமனை 1976ல் 11 படுக்கையோடு ஆரம்பித்து, வசதியுள்ளவர் கட்டுவதில் இல்லாதவருக்கும் பார்த்து வளர்ந்ததே, நாமும் செய்யலாமே என்று ஒரு டாக்டர் கேட்டார். மதுரைக்காரருக்கு முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் கண்புரை ஆபரேஷன் சில நிமிடத்தில் முடிகிறது, ஆள் கூடக் கூடத் தலைக்குச் செலவு குறையும். இந்த 45 நிமிடத்தை எப்படிச் சுருக்குவது? மொத்தமாக உட்கார வைத்துப் பார்த்தோம், பிள்ளைகள் கூச்சத்தில் வாயே திறக்கவில்லை.

இன்ஷூரன்ஸ் இன்னும் வேடிக்கை. 18 வயதாகி, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற கணக்கு) 40ஐத் தொட்டால், அல்லது கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருந்து 35ஐத் தொட்டால், எடை குறைப்பு ஆபரேஷனுக்கு கிளெய்ம் போட வழியிருக்கிறது. 11 வயதில் டயட்டீஷியனிடம் உட்கார்ந்ததற்குப் போட்டேன், திரும்பி வந்துவிட்டது.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இருக்கிறது. வந்து வந்து போகிற சிகிச்சைக்கும் ரேட் போட முடிகிறது அல்லவா? இதற்கும் 6 மாத பேக்கேஜ் ஒன்று வைக்கட்டும். ஆனால் எத்தனை கிலோ குறைந்தது என்று பார்த்துப் பணம் தரக் கூடாது. அப்படிப் பார்த்தால் அந்த 56 கிலோ பையன் ஃபெயில். எத்தனை தடவை வந்தார்கள் என்று பார்த்துத் தரட்டும், ஆட்டோ காசையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பில்லிங் ஊழியர்,
வில்லாபுரம், மதுரை.