12 பேர் ஆடும் அணிக்கு 31 பேரிடம் கட்டணம்: எங்கள் பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பள்ளியின் கூடைப்பந்து அணியில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் அம்மா நான். இதைப் பள்ளி வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்டிருப்பேன், ஆனால் அங்கே அட்மின் மட்டும்தான் எழுத முடியும் என்று மாற்றிவிட்டீர்கள், அதனால் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது. போன சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, ஸ்கோரோடு படம் அனுப்பியதே நீங்கள்தான்.

படத்தில் வராததைச் சொல்கிறேன். நாலு குவார்ட்டரில் மூன்றாவது முடியும்போதே நம் அணி 30 புள்ளிக்கு மேல் முன்னிலை. எதிரே ஆடிய பிள்ளைகள் பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுவரவே திணறிக்கொண்டிருந்தார்கள். என் மகள் டிராக் சூட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு பெஞ்ச் நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். டைம் அவுட்டில் கோச் இவள் பக்கம் கை நீட்டினார், சட்டென்று எழுந்தாள். அவர் கேட்டது தண்ணீர் பாட்டில். கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கடைசி வரை அதே ஐந்து பேர்தான், நடுவில் ஒருத்திக்குக் கால் பிடித்துக்கொண்டபோது மட்டும் ஆறாவது பெண் இறங்கினாள். வீட்டுக்கு வந்து துவைக்கலாம் என்று ஜெர்சியை எடுத்தால் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. "அதை ஏம்மா துவைக்கற, அப்படியே பீரோவுல வெச்சுரு" என்றாள். இரண்டு செட் ஜெர்சிக்கு 2,400 ரூபாய் கட்டியிருக்கிறோம்.

விதி இடம் கொடுக்கவில்லை என்றால் புரிந்துகொள்வேன். வாலிபாலில் ஒரு செட்டுக்கு ஆறு மாற்றம்தான் என்று கணக்கு உண்டு. கூடைப்பந்தில் அப்படி எதுவும் கிடையாது, விசில் அடித்து ஆட்டம் நிற்கிற நேரத்தில் யாரையும் இறக்கலாம், வெளியே எடுத்தவரைத் திரும்பவும் இறக்கலாம். பத்து நிமிட குவார்ட்டர் நாலு, களத்தில் ஐந்து பேர், ஆக மொத்தம் 200 நிமிடம். அணியில் இருக்கிற 12 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 16 நிமிடத்துக்கு மேல் வருகிறது. நான் பதினாறு கேட்கவில்லை சார், ஜெயித்து முடித்த ஆட்டத்தில் ஒரு நாலு நிமிடம்.

இவளாவது அந்த 12 பேரில் ஒருத்தி. பயிற்சிக்கு வருவது 31 பேர், இருப்பது ஒரே கோர்ட், இரண்டு ரிங். ஒரு ரிங் முழுக்க முதல் ஐந்து பேருக்கு. இன்னொன்றில் மற்றவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு லே-அப், அதாவது ரிங் வரை ஓடி வந்து ஒரு தடவை பந்தைப் போட்டுவிட்டு மறுபடி வரிசைக் கடைசிக்குப் போகிறார்கள், பின்னால் நிற்கிற சின்னப் பிள்ளைகள் மதில் பக்கம் உருண்டு ஓடுகிற பந்தை எடுத்து வந்து கொடுக்கிறார்கள். பந்து பொறுக்குகிற பிள்ளைக்கும் வருடம் 18,000 ரூபாய்தான் பயிற்சிக் கட்டணம், அதில் பாரபட்சமே இல்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009லேயே சட்டம் வந்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கமிட்டி வைத்து நிர்ணயிக்கிறார்கள். அந்தக் கமிட்டி நிர்ணயித்த தொகை உங்கள் அலுவலக வாசலில் ஒட்டியிருக்கிறது, இந்த 18,000 அந்தத் தாளில் இல்லை. ரசீது கேட்டால் "இதர வகை" என்று வருகிறது.

எனவே நான் கேட்பது ஒன்றுதான். பணம் வாங்குவதற்கு முன்னால் எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறீர்கள், அதில் எத்தனை பேருக்கு ஆட்டம் கிடைக்கும் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

ஹாஸ்டலில் தங்கவைத்து, கட்டணம் இல்லாமல் படிக்கவைத்து, வெளியூரிலிருந்து அழைத்து வந்த பிள்ளைகள்தான் முதல் ஐந்து பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இருட்டு விலகும் முன்பே ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள், அவர்கள் ஆட்டமும் அப்படித்தான் இருக்கிறது, பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அவர்களுக்கு ஆகும் செலவை எங்கள் பிள்ளைகளுக்குப் "பயிற்சி" என்ற பெயரில் வாங்குகிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. நன்கொடை என்று நேராகக் கேட்டிருந்தால் முடிந்ததைக் கொடுத்திருப்போம்.

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடம் இருக்கிறது, சான்றிதழ் வருமே, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் ஒருவர் சமாதானம் சொன்னார். சில பெற்றோர் அதற்காகவே வரலாம், தப்பில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிய பள்ளி அளவுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மாநில, தேசிய அளவில் ஆடியவர்களோடு போட்டி போட முடியுமா என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அப்புறம் இந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், அணியும் கிடையாது ஒன்றும் கிடையாது, ஃப்ளெக்ஸ் பேனரில் மட்டும் "விளையாட்டிலும் முதலிடம்" என்று போட்டிருக்கும். சரி, அது வேறு சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் என் மகளை இறக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே நன்றாக ஆடுகிறவர்கள்தான் ஆட வேண்டும். நட்பு ஆட்டங்களிலும் குறுவட்டப் போட்டியின் முதல் சுற்றிலும் இரண்டாவது ஐவருக்கு ஒரு குவார்ட்டர் கொடுங்கள். அணிக்கு ஒரு எண்ணிக்கை வையுங்கள், அதற்கு மேல் வருகிறவர்களைக் குறைந்த கட்டணத்தில் பயிற்சி வகுப்பு என்று தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அணி ஜெர்சி விற்காதீர்கள். இதையெல்லாம் எழுத்தில் கொடுங்கள். ஜூனில் அடுத்த கட்டணச் சீட்டு வருவதற்கு முன்பு அந்தத் தாள் எங்கள் கைக்கு வந்தால் நன்றியோடு இருப்போம். குழுவில் போட்டாலும் போதும், அட்மின் நீங்கள்தானே.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
கோயம்புத்தூர்