கடலில் இறங்கும் ஒவ்வொருவரிடமும் இடங்காட்டி இருக்க வேண்டும்

மலேசியாவில் படகுகளுக்கும் முக்குளிப்புச் சுற்றுலாவுக்கும் உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2022இல் ஜொகூரின் மெர்சிங் கடலில் முக்குளித்த நால்வரை நீரோட்டம் அடித்துச் சென்று, அவர்களில் ஒரு சிறுவன் திரும்பாமலே போன சம்பவத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதில் இரவு பகலாகத் தேடியவர்களில் உங்கள் ஆட்களும் உண்டு. அவர்களுக்கு என் நன்றி எப்போதும் உண்டு. ஆனால் அண்மையில் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்கு அருகே முக்குளித்துவிட்டு நாங்கள் மேலே வந்தபோது எங்கள் படகு அங்கே இல்லை. மிதவைக் குழாயை ஊதி நிமிர்த்தினோம், விசில் அடித்தோம். வேறொரு படகு தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததால் கரை சேர்ந்தோம். எங்களை முக்குளிக்க அழைத்துப் போன நிறுவனத்தாரிடம் கேட்டால், "நீரோட்டம் மாறிவிட்டது, இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். மெர்சிங்கில் ஒரு பிள்ளையின் உயிர் போன பிறகும் இது சகஜமா? அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். திறந்த கடலில் படகிலிருந்து குதிக்கும் ஒவ்வொரு முக்குளிப்பாளரும் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவியை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் போடுங்கள்.

2022 ஏப்ரல் 6. கோவிட்டால் மூடியிருந்த நாட்டின் எல்லைகள் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மெர்சிங் கடலில் தோக்கோங் சங்கோல் என்ற இடத்தின் அருகே நால்வர் பயிற்சிக்காக இறங்கினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மேலே வந்தார்கள், படகைக் காணவில்லை. பயிற்சி கொடுத்த பெண்மணியை மறுநாள் காலை ஓர் இழுவைப் படகு பார்த்துக் காப்பாற்றியது. ஒரு தந்தையும் இளம்பெண் ஒருவரும் 9ஆம் தேதி அதிகாலையில்தான் கிடைத்தார்கள், அதுவும் வெகுதூரம் தெற்கே, பெங்கெராங் பக்கம், மீனவர்களின் கண்ணில் பட்டு. அந்தத் தந்தையோடு போன மகனுக்கு வயது 14. அவன் திரும்பவில்லை.

அந்த மூன்று இரவுகளை நினைத்துப் பாருங்கள் ஐயா. பையன் தண்ணீருக்கு அடியில் சிக்கிக்கொள்ளவில்லை. காற்று தீர்ந்து மூழ்கவுமில்லை. மேலேதான் இருந்தான், அப்பா பக்கத்திலேயே இருந்தார். ஹெலிகாப்டர்களும் கப்பல்களும் அதே கடலில்தான் தேடிக்கொண்டிருந்தன. ஆனால் அலை நடுவே மிதக்கும் தலை, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது. மணிக்கு 2 கடல் மைல் நீரோட்டம் என்றாலும் 12 மணி நேரத்தில் 24 கடல் மைல், ஏறத்தாழ 44 கிலோமீட்டர், இழுத்துப் போய்விடும். தேட வேண்டிய பரப்பு ஒவ்வொரு மணிக்கும் விரிந்துகொண்டே போகும். உங்கள் ஆட்கள் எவ்வளவு உழைத்தாலும் இந்தக் கணக்கை ஜெயிக்க முடியாது. அந்த நால்வரில் ஒருவர் பொத்தானை அழுத்தி இருக்கும் இடத்தைச் சொல்ல முடிந்திருந்தால் தேடல் எவ்வளவு சுருங்கியிருக்கும்!

இதற்கான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் பிஎல்பி என்ற தனிநபர் இடங்காட்டி ஒரு வகை. அதை எடுத்துக்கொள்வது கோஸ்பாஸ் சார்சாட் என்ற உலகளாவிய மீட்பு அமைப்பு. கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோவில் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறைக்கு ஏஐஎஸ் என்று பெயர்; சுற்றியுள்ள கப்பல்களின் ஏஐஎஸ் திரையில் நேராகத் தோன்றும் கருவி இன்னொரு வகை. சிங்கப்பூர் நீரிணைக்குப் போகிற வருகிற கப்பல்கள் அந்தக் கடலில் கொஞ்சமா? 300 டன்னுக்கு மேற்பட்டு வெளிநாட்டுப் பயணம் போகும் ஒவ்வொரு கப்பலிலும் ஏஐஎஸ் கட்டாயம். இரும்பும் சரக்கும் ஏற்றிய கப்பல் எங்கே நிற்கிறது என்று உலகத்துக்கே தெரிகிறது. பக்கத்தில் தத்தளிக்கும் மனிதர் மட்டும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

தண்ணீருக்கு அடியில் இந்தக் கருவிகள் வேலை செய்யாது என்பார்கள். உண்மைதான், கடல்நீரில் இவற்றின் ரேடியோ அலை போகாது. ஆனால் நான் சொல்லும் ஆபத்து மேலே வந்த பிறகு நேர்வது. அப்புறம் செலவு. முக்குளிப்பவர் கையில் கட்டி ஆழமும் நேரமும் பார்க்கும் ஒரு நல்ல டைவ் கம்ப்யூட்டரின் விலைதான் ஆகும். சிலிண்டரை வாடகைக்குக் கொடுப்பது போல இதையும் கொடுக்கலாம். தீவுகளில் ஒன்றிரண்டு படகை வைத்துப் பிழைக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு இது பாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு மானியம் கொடுங்கள். கரையிலிருந்து நடந்து இறங்கும் இடங்களுக்கு விலக்கும் கொடுங்கள்.

விதியை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண பிஎல்பியில் பல, முக்குளிப்பவர் போகும் ஆழத்தைத் தாங்காது. தனி உறைக்குள் வைக்க வேண்டும், அல்லது முக்குளிப்புக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஆழத் தகுதி இத்தனை மீட்டர் என்று விதியிலேயே இருக்கட்டும். ஏஐஎஸ் வகை என்றால், இறக்கிவிட்ட படகிலும் அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கும் கருவி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆபத்தில் இருப்பவர் தூரத்துக் கப்பலைக் கூப்பிடுவார், பக்கத்தில் நிற்கும் சொந்தப் படகுக்குத் தெரியாது.

கருவி வந்தால் மற்றது எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மெர்சிங் படகோட்டி போதைப்பொருள் சோதனையில் சிக்கினார் என்று போலீசே அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் செயின்ட் கிறிஸ்பின் பவளத்திட்டில் 1998 ஜனவரி 25 அன்று முக்குளிக்க இறங்கிய ஒரு தம்பதியை விட்டுவிட்டு படகு திரும்பியது. அவர்கள் இல்லை என்பதையே இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். தலை எண்ணுவதும், நிதானமுள்ள ஆளைப் படகில் வைப்பதும் முதல் கடமை. அந்தக் கடமையில் யாராவது தவறும் நாளுக்காகத்தான் இந்தக் கருவி.

நம் ஊரில் எதற்குத்தான் கையெழுத்து கேட்பதில்லை? படகில் ஏறும்போது பாதுகாப்பு அங்கி போடச் சொல்கிறார்கள். கடல் பூங்காவுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். எனக்கு ஏதாவது ஆனால் நிறுவனம் பொறுப்பல்ல என்று எழுதி வாங்குகிறார்கள். அந்த ஒரு தாள் மட்டும் ஒருபோதும் விடுபடுவதில்லை. புகார் சொல்லப் போனால் ஒரு முகப்பில் இன்னொரு அலுவலகத்தைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் மூன்றாவது ஒன்றை. சொந்தப் பணத்தில் கருவி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் ஆலோசனையும் சொன்னார். நான் வாங்கிக்கொள்வேன். விடுமுறைக்கு வந்து முதல்முறை இறங்கும் குடும்பத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர்களுக்காகத்தான் சட்டம் வேண்டும் என்கிறேன்.

கோபத்தில் நிறையச் சொல்லிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: திறந்த கடலில் இறங்கும் ஒவ்வொரு முக்குளிப்பாளரிடமும் இடங்காட்டிக் கருவி, அது ஏஐஎஸ் வகை என்றால், இறக்கிவிடும் ஒவ்வொரு படகிலும் அதன் சமிக்ஞையைப் பிடிக்கும் கருவி. இதில் எது குறைந்தாலும் அந்த நிறுவனத்துக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து தீவுகள் மீண்டும் திறக்கும் முன் இந்த விதி வர வேண்டும். உடனே முடியாது என்றால், எந்த இலாகா இதற்குப் பொறுப்பு, எப்போது முடியும் என்பதையாவது எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குக் கரைத் தீவுகளில் முக்குளிக்கும் ஒருவர்