மேட்டூர் நிலவரத்துக்குக் கீழே ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுதந்திர தினத்தை ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகக் கட்டுரையைப் படித்தேன். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் கிளம்பியது, 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தது, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியது எல்லாம் சரியாகவே எழுதியிருந்தீர்கள். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டதும், ஜனங்கள் சாலையோர மரங்களில் கட்டுச்சோற்றைத் தொங்கவிட்டுப் போனதும் வந்திருந்தது. அந்தச் சோற்றில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பற்றியும், அதை முப்பது வருஷமாக நான் சொல்லிவந்த விதத்தைப் பற்றியும் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. வெட்டிப் போட்டாலும் சரி. கடைசியில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன், அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

என் தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். புளிச்சோறு கிளறி, வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, விடிவதற்கு முன்னால் தாத்தாவிடம் கொடுத்து அனுப்பினார்களாம். சின்னப் பையனைப் போலீஸ் பிடிக்காது என்று ஒரு கணக்கு. மொத்தம் நாலு பொட்டலம்.

ஒவ்வோர் ஆகஸ்ட் 15-க்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் இந்தக் கதையைச் சொல்வேன். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்பதால் மைக் எப்படியும் என் கைக்கு வந்துவிடும். கரிகாலனின் கல்லணையில் ஆரம்பித்து, போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிய வேதாரண்யம் வைரப்பன் வழியாகத் தாத்தாவிடம் வந்து முடிப்பேன். பிள்ளைகள் ஆரஞ்சு மிட்டாய்த் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கும்.

தாத்தா சொன்னதில் ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். "நாலுல மூணுதான் கட்டினேன். பசி தாங்கல. ஒண்ண மரத்து மேலயே உக்காந்து தின்னுட்டேன்" என்பார். சாகும்வரை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேடைக்கு அது ஒத்துவராது என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன்.

இனித் தண்ணீர் விஷயம்.

நாங்கள் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். கல்லணையில் வெண்ணாறாகப் பிரிகிற காவிரி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பைத் தாண்டி, கிளையும் கிளைக்குக் கிளையுமாகச் சிறுத்து, எங்கள் ஊருக்கு வரும்போது ஒரு எட்டில் தாண்டிவிடலாம். அதிலிருந்து பிரிகிற கன்னி வாய்க்காலில் பதினொரு பேருக்குப் பாசனம். மேலே என் நிலம். எனக்கு அடுத்தாற்போல், ஒரே வரப்பில், தம்பியின் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். பாகப்பிரிவினையில் மேட்டுப் பங்கு மூத்தவனுக்கு என்று அப்பா பிரித்தார். தம்பி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

2012-இல் மேட்டூரைச் செப்டம்பரில்தான் திறந்தார்கள். குறுவை போயே போயிற்று. புழுதியில் விதைத்த சம்பாவும் வடகிழக்கு மழை ஏமாற்றியதில் தவித்து நின்றது. வருகிற கொஞ்சத் தண்ணீரைப் பகலில் எனக்கு, இரவில் தம்பிக்கு என்று ஊரில் பேசி முறை வைத்தோம். கார்த்திகைக் கடைசி, பயிர் சூல் கட்டுகிற நேரம். அன்று காவிரியில் கர்நாடகம் தண்ணீர் விடக் கேட்டு மறியல். பச்சைத் துண்டு போட்டு நடுரோட்டில் உட்கார்ந்தேன். "எங்கள் பங்கை எங்களுக்குக் கொடு" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். போலீஸ் பிடித்துப் போய்க் கல்யாண மண்டபத்தில் வைத்து, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டது.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச்சும் மம்பட்டியும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். தம்பி முறை. அவன் மடைவாயில் ஒரு கத்தை வைக்கோலைத் திணித்து, மேலே மூன்று கட்டி களிமண்ணை வைத்து மிதித்தேன். தண்ணீர் என் பக்கம் திரும்பியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, நாய் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம். விடியற்காலம் மண்ணை எடுத்துவிட்டேன். வைக்கோலை முழுக்க எடுத்தேனா என்று பார்க்கவில்லை.

காலையில் தம்பி வந்தான். "மடையில வைக்கோல் கெடந்துச்சுண்ணே" என்றான். "மாட்டுக்குக் கட்டிட்டுப் போறப்ப விழுந்திருக்கும்" என்றேன். அவன் சரி என்று போய்விட்டான். அடுத்த முறைக்குத் தண்ணீர் வரவே இல்லை. எனக்கு ஏக்கருக்குப் பதினோரு மூட்டை தேறியது. அவன் பொங்கலுக்கு முன்னாலேயே கருகின பயிரில் மாட்டை விட்டு மேய்த்துவிட்டான். மாசி பிறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினான். அந்தப் பிப்ரவரியில்தான் காவிரி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானது. நான் கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னோடு இருந்தார். கடைசி ஒரு வருஷம் நினைவு தப்பிவிட்டது. பேரப்பிள்ளை பெயர் தெரியாது, சாப்பிட்டோமா இல்லையா தெரியாது. ஆனால் விளக்கு வைக்கிற நேரம் ஆனால் போதும், "பெரியவனே, சின்னவன் வயலுக்குத் தண்ணி ஏறிடுச்சாப்பா?" என்று கேட்பார். தினமும். எதைத் தெரிந்து கேட்டார், ஒன்றும் தெரியாமல் பழக்கத்தில் கேட்டாரா, எனக்கு விளங்கவில்லை. "ஏறிடுச்சும்மா" என்பேன். உடனே படுத்துக்கொள்வார். 2016-இல் போய்ச் சேர்ந்தார். ராத்திரி பஸ் பிடித்து வந்த தம்பிதான் கொள்ளி வைத்தான், அம்மாவுக்கு இளையவன்தானே வைக்க வேண்டும். கருமாதி முடிகிறவரை சித்தப்பா வீட்டில் தங்கினான். என் வீட்டில் கை நனைக்கவில்லை.

2018 நவம்பர் 16 கஜா புயல். அதைப் பற்றித் தாங்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் நின்ற மரம் எது, விழுந்த மரம் எது என்று எண்ண வேண்டியதே இல்லை. நாலாம் நாள் திருப்பூரிலிருந்து ஒரு சின்ன லோடு வண்டியில் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் ரொட்டியுமாகச் சிலர் வந்தார்கள். நான் கொல்லையில் சாய்ந்த தென்னையை வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலுக்கு வந்து பார்த்தால் வண்டி போய்விட்டது. முறிந்த முருங்கையின் மொட்டைக் கிளையில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே மெழுகுவர்த்தி இரண்டு பாக்கெட், தீப்பெட்டி, கொசுவர்த்தி, ரொட்டி, அடியில் இரண்டு பனியன். சைஸ் 95. என் சைஸ். தம்பிதான் வந்துவிட்டுப் போனான் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

அடுத்த ஆகஸ்ட் 15-க்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி மைக்கை வாங்கவில்லை.

சென்னையில் இருக்கும் என் மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் தினமும் சுயமுன்னேற்றச் செய்தி அனுப்புவார். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து நாலரைக்கு எழுந்திருக்கிறவன், அதனால் ஒன்றும் திருந்திவிடவில்லை. நல்ல பிள்ளை, ஆசையாக அனுப்புகிறார் என்று கட்டைவிரலைப் போட்டுவிடுவேன்.

நான் செய்தது இவ்வளவுதான். எட்டு வருஷத்துக்குப் பிறகு 2020-இல் மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதியே திறந்தபோது, எண்பது பக்க ரூல் நோட்டு ஒன்று வாங்கினேன். மடையை எப்போது திறந்தேன், எப்போது அடைத்தேன் என்று அன்றன்றைக்கு எழுதத்தான் வாங்கியது. முதல் பக்கத்தில் 2012 கார்த்திகையை எழுதிவிட்டு மேலே போகலாம் என்று தோன்றியது. மூன்று நாள் ஆயிற்று. "மடையில் வைக்கோல் கிடந்தது" என்று எழுதிவிட்டு ஒரு நாள் மூடி வைத்துவிட்டேன். மறுநாள் அதை அடித்து, "வைக்கோல் வைத்தேன்" என்று எழுதினேன்.

எழுதின நோட்டை அவனிடம் காட்ட மேலும் இரண்டு வருஷம் பிடித்தது. கொரோனா ஒரு சாக்கு. 2022-இல் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் ஊருக்கு வருவதற்குள் போய்விட்டு வந்துவிட வேண்டும் என்று திருப்பூருக்கு பஸ் ஏறினேன். கம்பெனி வாசல் டீக்கடையில் வைத்து நோட்டைக் கொடுத்தேன். அவன் கண்ணாடியை மாட்டி முதல் பக்கத்தைப் படித்தான். மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"தெரியும்ணே. அன்னைக்கே தெரியும். உன் டார்ச்சு வெளிச்சம் எங்க வாசலேர்ந்து தெரிஞ்சுது."

"பின்னே ஏண்டா வந்து தடுக்கல?"

"வந்திருந்தா ரெண்டு பேர் கையிலயும் மம்பட்டி இருந்திருக்கும்."

டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான். அவன் நிலத்தில் மண்டியிருந்த கருவையை வெட்டி உழட்டுமா என்று கேட்டேன். "உழுதா உழு" என்றான். உழுதேன். அந்த வருஷம் முதல் தண்ணீர் அவன் மூன்று மாவுக்குத்தான் போனது. பேரன் வீடியோ காலில் காட்டினான். கம்பெனி இரைச்சலுக்கு நடுவே உற்றுப் பார்த்துவிட்டு, "மடைவாயில கல்லு வச்சியா? நண்டு வளை போட்டுடும்" என்றான். வைக்கவில்லை. பிறகு வைத்தேன்.

எங்கள் வாய்க்காலில் இப்போது முறை கடைசி வயலிலிருந்து ஆரம்பிக்கிறது. பதினொரு பேரில் ஒன்பது பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத இருவரில் ஒருவர் என் சம்பந்தி, அதனால் இதற்கு மேல் எழுத முடியாது. முன்பு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து குடிமராமத்தாக வாய்க்கால் வெட்டுவோம். இப்போது நூறு நாள் வேலைப் பெண்கள் வெட்டுகிறார்கள், கரையில் நின்று கல்லணைப் பெருமை பேச எங்களுக்கு நேரம் கிடைக்கிறது.

இதையெல்லாம் எழுதுவதால் கர்நாடகத்தின் மீது எனக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாநில எல்லையில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 192 டி.எம்.சி. வர வேண்டியதை 2018-இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வர வேண்டும். நாளைக்கு மறியல் என்றால் துண்டைப் போட்டுக்கொண்டு போவேன். கோஷம் போடும்போது குரல்தான் முன்னைப்போல எழும்புவதில்லை.

இந்த ஆகஸ்ட் 15-க்கு மறுபடி மைக்கை வாங்கினேன். நாலாவது பொட்டலத்தையும் சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகள் மிட்டாய்த் தட்டை மறந்து சிரித்தன. தலைமையாசிரியருக்குத்தான் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கோரிக்கை இதுதான். தங்கள் நாளிதழில் தினமும் மேட்டூர் அணை நிலவரம் என்று பெட்டி கட்டிப் போடுகிறீர்கள்: நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், இருப்பு. 120 அடி எட்டினால் முதல் பக்கத்தில் படத்தோடு போடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் அணை திறந்த தேதியோடு ஊர் உலகம் மறந்துவிடுகிறது. 2024-இல் ஜூலை 28-ஆம் தேதி திறந்த தண்ணீர் எங்கள் கன்னி வாய்க்காலை ஆவணி 3-ஆம் தேதிதான் நனைத்தது. 2025-இல் ஜூன் 12-ஆம் தேதி திறந்தது, ஜூலை 4-ஆம் தேதி வந்தது. அந்தப் பெட்டிக்குக் கீழே, கடைமடைக்குத் தண்ணீர் எந்த ஊர்வரை வந்திருக்கிறது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? எங்கள் பக்கத்துத் தேதிகளை நோட்டிலிருந்து நானே அஞ்சலட்டையில் எழுதி அனுப்புகிறேன்.

தம்பி திருப்பூர் டீக்கடையில் தங்கள் நாளிதழைத்தான் படிக்கிறான். அந்தப் பெட்டியைத்தான் முதலில் பார்ப்பானாம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.