கருப்பட்டி என்று சொல்லிச் சீனியை விற்க விடாதீர்கள்

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டு ஆண்கள் பனை ஏறுகிறார்கள், அம்மாவும் சித்தியும் விடிலியில், அதாவது காய்ச்சுவதற்கென்று போட்ட ஓலைக் குடிசையில், கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். உடன்குடி, வேம்பார், சாயல்குடிப் பக்கம் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. எங்கள் சரக்கு விலைபோகாமல் நிற்பதற்கான முக்கியக் காரணம் சீனிக் கலப்படம். அது உங்கள் துறையின் கைக்கு எட்டுகிற ஒன்று என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு கிலோ கருப்பட்டி எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். மாசி வாக்கில் பாளை என்கிற பூங்குலை வந்ததும் கடிப்பு என்கிற மரக் கிட்டியை வைத்து நசுக்கிப் பக்குவப்படுத்துவார்கள். அப்புறம் பருவம் முடியும்வரை காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒருநாள் விட்டாலும் பாளை காய்ந்துவிடும், அதனால் கல்யாணம், காய்ச்சல் என்று ஓய்ந்து உட்கார முடியாது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவார்கள், இல்லையென்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை வடிகட்டி, உடைமர விறகும் காய்ந்த பனையோலையும் வைத்து மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருண்டு நின்றால்தான் பதம். அதன்பிறகே சிரட்டைகளில் ஊற்றுவார்கள். இத்தனைக்குப் பிறகு ஒரு கிலோ கிடைக்க ஏறக்குறைய எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் ஆகிறது. பருவம் முடிந்தால் மீதி மாதங்களுக்கு வருமானம் கிடையாது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் காலம் தள்ளுகிறோம், அதனால் விலையையும் அவர்தான் சொல்கிறார்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். கொஞ்சம் பதநீரிலோ பழைய கருப்பட்டிப் பாகிலோ வெள்ளைச் சீனியை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் காய்ச்சி, அதே சிரட்டையில் ஊற்றி, அதே கருப்பட்டி என்று சந்தைக்கு அனுப்புகிறார்கள். கருப்பட்டி விலையில் ஒரு சிறு பங்குதான் சீனியின் விலை, அதனால் அவர்களால் எங்களைவிடப் பாதி விலைக்குக் கொடுக்க முடிகிறது. பளபளப்பாக, கெட்டியாக இருக்கிறது, மழைக்காலத்திலும் கசிவதில்லை. அசல் கருப்பட்டி கசியும். கடையில் நிற்கிற ஒரு அக்கா இரண்டையும் பார்த்தால் கசிந்ததை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை பெற்ற மகளுக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் நல்லது என்று நம்பி வாங்கியதில் பாதிக்கு மேல் சீனி என்பதை அவர் எப்படி அறிவார்?

இதைப் பிடிக்க முடியாததற்கு அதிகாரிகளின் மெத்தனம் மட்டும் காரணம் அல்ல என்பது எனக்குத் தெரியும். விதியே அப்படி இருக்கிறது. நாட்டின் உணவுத் தர விதிகளில் கரும்பு வெல்லத்துக்கும் பனை வெல்லத்துக்கும் ஒரே வரையறை. மொத்தச் சர்க்கரை 90 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, அதில் சுக்ரோஸ் என்கிற சர்க்கரை வகை 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது அது. வெள்ளைச் சீனி கிட்டத்தட்ட முழுக்கவே சுக்ரோஸ்தான். அதைக் கொட்டக் கொட்ட இந்தச் சோதனையில் சரக்கு இன்னும் சுலபமாகத் தேறும். கலப்படக்காரருக்கு நற்சான்று கொடுக்கிற சோதனை இது.

வேறு வழி இல்லாமல் இல்லை. கரும்பும் பனையும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு, அதனால் அவற்றின் சர்க்கரையில் உள்ள கார்பன் ஐசோடோப்பு விகிதமும், அதாவது எடை கூடிய கார்பன் அணுவுக்கும் எடை குறைந்ததுக்கும் உள்ள விகிதமும், வேறுபடும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று இந்த முறையில்தான் பார்க்கிறார்கள், தேனுக்கான தர விதிகளிலும் அது இருக்கிறது. தேனுக்குச் செய்வதைக் கருப்பட்டிக்கும் செய்யச் சொல்லித்தான் கேட்கிறேன். பனங்கருப்பட்டிக்குத் தனித் தரம் வேண்டும் என்று டெல்லிக்கு எழுதுங்கள். சீனி கலந்து காய்ச்சியதை விற்கத்தான் வேண்டும் என்றால், சீனி கலந்தது என்று பொட்டலத்தின் முகப்பிலேயே எழுதி விற்கட்டும்.

2023-ஆம் ஆண்டு உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அதற்கு முன்பு, 2021-இல், வேளாண்மைக்கென்று வந்த முதல் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவித்தார்கள், பனை விதை கொடுத்தார்கள், ரேஷன் கடைகளில் கருப்பட்டி விற்கப்போவதாகவும் சொன்னார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் இன்று நட்ட விதை பாளை விட பதினைந்து ஆண்டுக்கு மேலேகூட ஆகும். இருக்கிற மரத்தில் ஏறுவதற்கே இப்போது பையன்கள் வருவதில்லை. உயிரைப் பணயம் வைத்து இறக்கியதைக் கலப்படச் சரக்கோடு போட்டியிட்டு விற்கும் தொழிலுக்கு எந்தத் தாய் மகனை அனுப்புவாள்?

சோதனைக்கு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓலைக் குடிசையில் சுவர் இல்லை, தரையில் ஓடு இல்லை என்று எங்களை விரட்டாதீர்கள். சுத்தமாகச் செய்ய என்ன வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் செய்கிறோம். உங்கள் சோதனையை மொத்த மண்டிகளில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் பாளை சீவுவது கிடையாது. அந்த மாதங்களில் புதுக் கருப்பட்டி லாரியில் வந்து இறங்கினால் எங்கே காய்ச்சினீர்கள் என்று கேளுங்கள். வெல்ல ஆலைகளில் சீனி மூட்டைகளை உங்கள் அதிகாரிகள் பறிமுதல் செய்த செய்திகளைப் படித்திருக்கிறோம். அதே சோதனை கருப்பட்டிக்கும் வரட்டும்.

ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அசல் சரக்கு வேண்டும் அல்லவா? வருகிற பருவத்தில் உங்கள் ஆட்களை எங்கள் விடிலிக்கு அனுப்புங்கள். மரத்திலிருந்து இறக்குவதிலிருந்து சிரட்டையில் ஊற்றுவதுவரை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். வேண்டிய மாதிரியை அவர்களே முத்திரையிட்டு எடுத்துப் போகலாம், அதற்கு நாங்கள் காசு வாங்க மாட்டோம்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டப் பனையேறிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி