கண்ணம்மாவுக்கு, கையில் இருக்கும் ஒரே சீட் பற்றி

அன்புள்ள கண்ணம்மா,

அமெரிக்காவில் ஒரு புது டி.ஓ. கல்லூரியில் உனக்குக் கிடைத்திருக்கும் ஒரே சீட்டின் அட்மிஷன் கடிதத்தை அக்கா குடும்ப வாட்சப்பில் போட்டதும் மதுரையிலிருந்து உன் பெரியப்பா கேட்டது: "டி.ஓ.ன்னா கண் டாக்டர்தானே?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊர் போர்டில் எம்.பி.பி.எஸ்., டி.ஓ. என்றிருந்தால் அது கண் மருத்துவ டிப்ளமோ. லண்டனில் ஆஸ்டியோபாத் என்றால் முதுகுவலிக்குக் கையால் பிடித்துவிடுகிறவர். அமெரிக்காவில் படித்து வாங்கும் டி.ஓ. வேறு சங்கதி; பெயரில் ஆஸ்டியோபதி இருந்தாலும் முழு டாக்டர் பட்டம். அங்கே நம் எம்.பி.பி.எஸ். மாதிரி அடிப்படைப் பட்டம் எம்.டி.; ஐம்பது மாநிலங்களிலும் அந்த எம்.டி.க்கு உள்ள அத்தனை உரிமையும் உண்டு. நானே அதில் ஒருத்தி என்பது பதினாலு வருடமாகியும் பெரியப்பாவுக்குப் பிடிபடவில்லை. உன்னைப் போல யோசிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

டி.ஓ. பட்டம் எம்.டி.யைவிட மட்டமோ என்று பயப்படுகிறாய். ஒரு பழைய கதை சொல்கிறேன். 1962இல் கலிபோர்னியாவில் டி.ஓ.க்களிடம் 65 டாலர் வாங்கிக்கொண்டு, சின்ன வகுப்பு ஒன்றில் உட்காரவைத்து, எம்.டி. பட்டம் கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருந்த அவர்களுடைய கல்லூரியும் எம்.டி. கல்லூரியானது, அதுதான் இன்றைய அர்வைன் மருத்துவக் கல்லூரி. முந்தின நாள் பார்த்த அதே நோயாளிகளைத்தான் அவர்கள் மறுநாளும் பார்த்தார்கள். என் காலத்தில் எங்களுக்கென்று தனி ரெசிடென்சி (பட்டம் வாங்கியபின் ஆஸ்பத்திரியில் பெறும் பயிற்சி), தனி மேட்ச் (அந்தப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் முறை) இருந்தன. 2020இல் எல்லாம் ஒன்றாகிவிட்டது. 2025 மேட்ச்சில் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 92.6 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, எம்.டி. மாணவர்களுக்கு 93.5. ஆர்த்தோ, டெர்மடாலஜி, நியூரோசர்ஜரி என்று ஆசை இருந்தால் மட்டும் ஏற்றம் இன்னும் செங்குத்துதான். டி.ஓ.க்களுக்கான காம்லெக்ஸ் தேர்வோடு எம்.டி.க்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.ஈ.யையும் சேர்த்து எழுதத் தயாராகிக்கொள்.

ஆக, டி.ஓ. என்பது எனக்குக் கவலையே இல்லை. 'புதுசு' என்பதுதான் கவலை.

நான் ஒரு புதுக் கல்லூரியின் முதல் பேட்ச். முதல் இரண்டு வருடம் சுகமாகப் போனது. கட்டடத்தில் பெயின்ட் வாசனை, எல்லோர் பெயரும் தெரிந்த டீன், அனாடமிக்குப் பளபளக்கும் மேசைகள். மூன்றாம் வருடம்தான் விஷயம் புரிந்தது. கல்லூரிக்கென்று சொந்த ஆஸ்பத்திரி இல்லை. ரொட்டேஷனுக்கு, அதாவது துறை துறையாகச் சுற்றிப் பெறும் பயிற்சிக்கு, பல ஊர்களில், பல டாக்டர்களிடம் எங்களைப் பிரித்து அனுப்பினார்கள். என் மனநல ரொட்டேஷன் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, "அந்த டாக்டர் விலகிக்கொண்டார்" என்று ஈமெயில் வந்தது. மகப்பேறுக்குப் போன சின்ன ஆஸ்பத்திரியில் அந்த மாதம் முழுக்க நான் பார்த்தது ஆறு பிரசவம். ஓட்டிய தூரத்தைக் கணக்குப் பார்த்தால் இந்த நாட்டையே குறுக்கே கடந்திருப்பேன். ரெசிடென்சி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சுற்றிய பிள்ளைகளுக்குச் சீனியர் ரெசிடென்ட் கூடவே நின்று சொல்லிக்கொடுத்ததை எல்லாம் நான் இன்டர்னாகி, திட்டு வாங்கித்தான் கற்றேன்.

அதனால் சிமுலேஷன் லேபைக் காட்டினால் பார்த்துவிட்டு வா, மயங்காதே. இதைக் கேள்: மூன்றாம் வருட ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா, இல்லை 'பேசிக்கொண்டிருக்கிறார்களா'? ஒவ்வொரு துறைக்கும் எத்தனை இடம்? அந்த ஆஸ்பத்திரிகளில் ரெசிடென்சி உண்டா? அதே இடங்களுக்கு வேறு கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்களா? அப்புறம், கல்லூரி சொல்வதோடு நிற்காமல் அந்த ஆஸ்பத்திரிக்கே போன் போடு. கூச்சப்படாதே.

அங்கீகாரத்தைப் பற்றி அத்தான் ரொம்பப் புலம்புகிறார். முதல் பேட்ச் பட்டம் வாங்கும் காலம்வரை எந்தப் புது டி.ஓ. கல்லூரிக்கும் முழு அங்கீகாரம் கிடையாது, முன் அங்கீகாரம்தான். கல்லூரி நடுவில் தள்ளாடினால் மாணவர்கள் தெருவில் நிற்கக்கூடாது என்று ஒரு பெரும் தொகையைத் தனியே முடக்கிவைக்கச் சொல்கிறார்கள், அங்கீகாரம் தருகிறவர்கள். அதற்காக நான் தூக்கம் கெடமாட்டேன்.

பணத்துக்குத் தூக்கம் கெடுவேன். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் இல்லை. மற்ற அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்; அதோடு சரி. உனக்கு ட்யூஷனே அதைத் தாண்டுகிறது. வாடகை, கார், சாப்பாடு எல்லாம் தனியார் கடன்தான். அதற்கு அத்தான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டிவரும். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டு 120 தவணை கட்டினால் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறதே, அது அரசுக் கடனுக்கு மட்டும்தான். சில புதுக் கல்லூரிகள் ஆரம்ப வருடங்களில் அரசுக் கடன் திட்டத்திலேயே இருப்பதில்லை. உன்னுடையது இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கு.

சரி, என்ன செய்யலாம் என்கிறாய்? உனக்கு ஃபேமிலி மெடிசின்தான் பிடிக்கும் என்று நீயே சொன்னாய். அந்தத் துறைக்கு டி.ஓ. ராஜபாட்டை. ஆஸ்பத்திரிப் பட்டியல் உறுதியாக இருந்து, அரசுக் கடனும் கிடைத்தால் சேர்ந்துவிடு. அடுத்த வருடம் எம்.டி. கிடைக்கும் என்று நம்பி, கிடைத்த சீட்டை விடாதே. பட்டியலில் பாதி 'விரைவில்' என்றிருந்தால் மட்டும் நான் உன்னைத் தடுப்பேன்.

டெபாசிட் கட்ட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை, அந்தப் பட்டியலோடு கூப்பிடு. அத்தானையும் லைனில் வை. பெரியப்பா வேண்டாம்.

அன்புடன்,
சித்தி