போம் ஜீசஸ் கோவிலுக்குப் பூச்சு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் பழைய கோவா போம் ஜீசஸ் பசிலிக்காவைப் பற்றி வந்ததைப் படித்தேன். அதன் சிவப்புச் சுவரைத்தான் பெரிதாகப் புகழ்ந்திருக்கிறீர்கள், எனக்கு வருத்தமும் அதில்தான். 1605இல் அர்ச்சிக்கப்பட்ட அந்தக் கோவிலை யாரும் சிவப்பாகக் கட்டவில்லை. முகப்பைத் தவிர மற்ற வெளிச்சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சோடு வெள்ளையாகத்தான் இருந்தது. 1950களில், போர்ச்சுக்கீசியர் ஆட்சியிலேயே, பார்க்கப் பழசாகத் தெரியட்டும் என்று அதை உரித்தெடுத்துவிட்டார்கள்.

பூச்சுக்குள்ளே இருந்தது செம்புறாங்கல். எங்கள் குமரிப் பக்கம் வெட்டுக்கல் என்போம், வீடு கட்டியவர்களுக்கு அதன் குணம் தெரியும்: துளை துளையாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சும். அதுவும் கோவா மழைக்கு! கிட்டப்போய்ப் பார்த்தால் கல்லெல்லாம் அரித்துக் குழி விழுந்து கிடக்கிறது, நம் ஆட்களோ அதன்மேல் சாய்ந்து நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

உள்ளே போனால், ஆடம்பர அலங்காரம் நிறைந்த ஐரோப்பிய பரோக் கலை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பீடம் முழுக்கப் பொன்முலாம், நடுவில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் ஆளுயரத்துக்கும் மேலாகத் தலைநிமிர்ந்து மேலே கதிர் வீசும் சூரியனைப் பார்க்கிறார், கோவிலுக்குப் பெயர் கொடுத்த குழந்தை இயேசுவோ அவர் காலடியில் சின்னதாக நிற்கிறார் (இதைக் கவனிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம்). அந்தச் சபையின் புனிதர் பிரான்சிஸ் சவேரியார் கல்லறையும் இங்கேதான்; அதன் பளிங்கு மேடையை டஸ்கனியின் பிரபு மூன்றாம் கோசிமோ கொடுத்தார், ஃபொஜ்ஜினி என்ற ஃபுளோரன்ஸ் சிற்பி செய்தது, கப்பலில் வந்து 1698இல் நிறுவினார்கள். அதற்கு மேலே அவர் உடலை வைத்திருக்கும் வெள்ளிப் பேழை கோவா தட்டார்களின் கைவேலை, என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் அழகு.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் என்பதால் எங்கள் கடற்கரைக்காரர்கள் குடும்பத்தோடு அங்கே போவது வழக்கம். 2024இல் அவர் உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது எதிரில் இருக்கும் சே கதீட்ரலில். அது இன்றும் வெள்ளையாகத்தான் நிற்கிறது, அதனால் அழகு ஒன்றும் குறைந்துவிடவில்லையே? பசிலிக்காவோ இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிற, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1986லேயே சேர்ந்த இடம். பூச்சைத் திரும்பப் பூசச் சொல்லி கோவாவில் சிலர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், "அந்தச் சிவப்புதான் அடையாளம்" என்று எதிர்ப்பும் இருக்கிறது. அடுத்த முறை எழுதும்போது பூச்சோடு இருந்த காலத்துப் படம் ஒன்றையும் பக்கத்தில் சேர்த்துப் போடுங்கள் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்