ரெண்டு கோஷ்டிக்கும் பதில் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. சமையல்கட்டில் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவும் நானும் கேட்டோம், அவள் குக்கர் விசிலுக்கெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். ஆஸ்பத்திரி சிநேகிதர்கள் லீவு நாளில் உன்னை வெளியே கூட்டிக்கொண்டு போகிறார்கள், அதில் பாதிப் பேர் ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஃப்ளை போடுகிறவர்கள், அதாவது இறகில் கட்டின பொய் ஈயை வீசி மீன் பிடிக்கிறவர்கள், மீதிப் பேர் துப்பாக்கி எடுத்து, பறக்க விட்ட தட்டைச் சுடுகிறவர்கள், சாப்பிட உட்கார்ந்தால் ரெண்டு கோஷ்டியும் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டே இருக்கிறார்கள், நீ எந்தப் பக்கம் என்று உன்னைக் கேட்டார்கள். எல்லாம் சந்தோஷம். கடைசியில் சொன்னாயே, "நான் சிரிச்சுட்டு சும்மா இருந்தேன்பா" என்று, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூணாற்றில் பிறந்து, நடக்கத் தெரிவதற்கு முன்னால் டிரவுட் மீன் பார்த்த பிள்ளை, பெர்த் வரைக்கும் போய்க் கிண்டலுக்குப் பதில் இல்லாமல் வந்தால் டீக்கடையில் நான் எப்படித் தலைகாட்டுவது?

விருந்தாளியை யாரும் வாருவதில்லை பாப்பா. தேதண்ணி கொடுத்து, வெயில் எப்படி, ஊர் எப்படி என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். உன்னை வாருகிறார்கள் என்றால் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள், இனி நீதான் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

இங்கேயும் அதே கச்சேரிதான் நடக்கிறது, உனக்குத் தெரியாததா. பட்டாளத்து மாமா ஒரு பக்கம், நானும் பேக்கரி சேட்டனும் ஒரு பக்கம். மாமா இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏர் ரைஃபிள் கற்றுக்கொடுக்கிறார், அதனால் வாய் இன்னும் நீண்டுவிட்டது. "என் அட்டையில ஓட்டை இருக்கு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா யாரும் பார்த்துக்கலாம். உன் மீன் எங்கே? போன வருஷம் ஒரு சாண், இந்த வருஷம் ஒரு முழம். செத்த மீன் வளர்றதை இந்த ஊர்லதான் பார்க்கிறேன்" என்பார். சேட்டன் பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "மாமா, பத்து மீட்டர்ல அசையாம நிக்கற அட்டை, அது எங்க ஓடிப்போகப் போகுது? எங்க அட்டை அப்படியில்ல, ஓடையில இறங்கினா அதுவா வந்து காலைக் கடிக்கும்" என்பார். மழைக்காலத்து ஓடைக்கரை அட்டைகளைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை, உப்பு டப்பா இல்லாமல் நான் கிளம்பினதே கிடையாது.

அட்டை விஷயத்தில் மட்டும் மாமாவுக்குக் கோபம் நிஜமாகவே வந்துவிடும். நியாயம்தான். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், குண்டு 4.5 மில்லிமீட்டர். சுடுகிற குண்டைவிடக் குறி சின்னது! அந்தத் தடித்த ஜாக்கெட்டும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு மடங்காத முழங்காலோடு அவர் நடந்து வருவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும், ஆனால் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டால் மனுஷன் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, விரலை மட்டும் மெல்ல மெல்ல இழுப்பார், அந்த நேரத்தில் சேட்டன்கூட வாயைத் திறக்கமாட்டார்.

"2008 பெய்ஜிங்ல பிந்த்ரா தங்கம் வாங்கினது இதே பத்து மீட்டர்ல. உங்க தூண்டிலுக்கு ஒலிம்பிக்ஸ்ல இடம் உண்டா?" இது மாமாவின் கடைசி அஸ்திரம். "மெடல் குடுக்க ஆரம்பிச்சா மீன்தான் வாங்கிட்டுப் போகும், அதான் வைக்கலை" என்று சேட்டன் முடித்துவிடுவார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே உன் கையில் இருக்கிற சரக்கு என்ன என்று உனக்கே தெரியவில்லை. டே ஆற்றிலேயே இருக்கிறது. பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த சால்மனில் இன்றுவரை பெரியது 64 பவுண்டு, 1922 அக்டோபரில் உன் ஊர்ப்பக்கம் அதே ஆற்றில் பிடித்தது, பிடித்தவள் ஜார்ஜினா பாலன்டைன் என்று ஒரு பெண். அவளும் நர்ஸ்! முதல் உலகப் போரில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவள். படகில் கூட இருந்தது யார் தெரியுமா, அவள் அப்பா. ரெண்டு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் மல்லுக்கட்டி மீனைப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். அப்புறம் பெர்த்தில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மீனைப் பார்வைக்கு வைத்தார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர், பொம்பளையாவது இதைப் பிடிக்கிறதாவது, சுத்தப் பொய் என்று பேசினாராம், பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தது அவளேதான். மீனைக் கடைசியில் உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டார்கள், நோயாளிகளும் ஊழியர்களும் சாப்பிட்டார்கள்.

இதை நீ மேசையில் போடு. ஃப்ளை கோஷ்டி பெருமையாக மீசையை முறுக்கும்போது ரெண்டாவதைப் போடு: அந்த மீன் ஃப்ளையில் மாட்டவே இல்லை, சின்ன மீனைச் சுழல விட்ட தூண்டிலில் மாட்டியது. அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து எனக்கு எழுது. ரொம்பச் சோர்ந்துவிட்டார்கள் என்றால் ஆறுதலாக இன்னொன்று சொல்லலாம், ஃப்ளையில் பிடித்ததில் பெரியது 61 பவுண்டு, டெவரான் ஆற்றில், 1924இல். பிடித்தது மிஸஸ் மாரிசன், அதுவும் பெண்தான். (அதே 1924 ஜூலையில்தான் இங்கே பெருவெள்ளம் வந்து குண்டளைக்குப் போன ரயிலையே அடித்துக்கொண்டு போனது. உன் கொள்ளுத்தாத்தா சொன்ன கதையெல்லாம் அந்த வெள்ளத்தில்தான் ஆரம்பிக்கும்.)

மீன் எவ்வளவு பெரியது என்று பேச்சு போனால் நீ அடக்கமாக ஒரு எண் சொல்லிவிட்டு டீ குடி: 120. கபினி ஆற்றில் 1946இல் வான் இங்கன் பிடித்த மஹ்சீர் மீன் 120 பவுண்டு. மைசூரில் புலி, சிறுத்தைத் தோலையெல்லாம் பாடம் பண்ணிக்கொடுத்த குடும்பம் அது, துப்பாக்கிக்காரர்கள் கொண்டுவந்ததை வைத்துப் பிழைத்தவர்கள் வீட்டில் ஒருத்தர் தூண்டிலில் இப்படி ஒரு சாதனை. உன் ரெண்டு கோஷ்டிக்கும் பொதுவான மனுஷன்.

துப்பாக்கிக்காரர்களைச் சும்மா விடாதே. அவர்கள் சுடுகிற களிமண் தட்டில் களிமண் கிடையாது, தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும். அமெரிக்காவில் 1880களில் லிகோவ்ஸ்கி என்பவர் அந்தத் தட்டைக் கொண்டுவருவதற்கு முன்னால் நிஜப் புறாவையும் கண்ணாடி உருண்டையையும்தான் சுட்டார்கள், 1900 பாரிஸ் ஒலிம்பிக்ஸில்கூட உயிருள்ள புறாவைச் சுட்டிருக்கிறார்கள். "இவ்வளவு பாடுபட்டு உடைக்கிறீங்களே, குழம்பு வைக்க ஒண்ணாவது தேறுமா" என்று கேள். அவர்கள் பதிலுக்கு, "நீங்க மட்டும் என்ன, பிடிச்ச மீனை முத்தம் குடுத்துத் திருப்பி விடறீங்க" என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, உன் அம்மாவும் இதைத்தான் கேட்கிறாள். காலையில் கிளம்பி, நனைந்து, அட்டைக் கடி வாங்கி, பிடித்ததை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு கேட்கிற மனுஷனை அவள் எந்தக் கணக்கில் சேர்ப்பாள்?

நம்ம ஆட்கள் யாராவது சுடுகிறார்களா என்று கேட்டால் புதுக்கோட்டை தொண்டைமான் வீட்டுப் பிள்ளை பிரித்விராஜ் பேரைச் சொல். 2024 பாரிஸில் இந்தத் தட்டைத்தான் சுட்டார். மெடல் வரவில்லை, ஆனால் உன் மேசையில் இருக்கிறவர்கள் யாரும் அங்கே போகவும் இல்லை.

ஒரு தடவை ரெண்டையும் நீயே செய்து பார். ஃப்ளை போடும்போது எடை தூண்டில் முனையில் இல்லை, கயிற்றில்தான் இருக்கிறது. பின்னால் வீசின கயிறு முழுக்க நீண்டு நேராகும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் முன்னால் தள்ளவேண்டும். பொறுக்காதவனுக்குத் தேயிலைச் செடிதான் மீன், நம்ம டிவிஷன் செடிகளில் சேட்டன் பிடிக்காத செடி கிடையாது. தட்டு சுடுவதற்கு நேர் எதிர். தட்டோடு சேர்ந்து துப்பாக்கி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், சரியாகப் பார்த்துச் சுடலாம் என்று ஒரு நொடி நிறுத்தினால் தட்டு போயே போய்விடும். என்னைக் கேட்டால் மாமாவும் நானும்தான் உண்மையில் ஒரு கோஷ்டி, ரெண்டு பேருக்கும் வேலை பொறுத்திருப்பது. இதை நான் அவரிடம் சொல்லமாட்டேன், நீயும் சொல்லிவைக்காதே.

நீ சொன்னதில் ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்தியது. "உங்க ஊர்ல மீனை வெடி வச்சுத்தானே பிடிப்பீங்க" என்று ஒருத்தர் கேட்டார் என்றாய். அதற்கும் நீ சிரித்திருக்கிறாய். மற்றதெல்லாம் விளையாட்டு, இதற்கு நேராகவே பதில் சொல். ஆமாம், ஆற்றில் தோட்டா போட்டார்கள், போட்டதால் மஹ்சீர் கெட்டது, அணையாலும் மணல் அள்ளியதாலும் கெட்டது. காவிரியின் அந்தக் கூன்முதுகு மஹ்சீருக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே நம்ம பாம்பாற்றிலிருந்துதான். சின்னாறு காட்டுக்குள் பிடித்த மீனை வைத்து 2007இல் பெயர் கொடுத்தார்கள், காவிரியில் இருப்பதும் அதுதான் என்று 2018இல் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்த கையோடு அழிவின் விளிம்பில் இருக்கிற மீன்கள் பட்டியலிலும் சேர்த்தார்கள். அப்படியே இன்னொன்றும் சொல். இரவிகுளத்தில் வரையாட்டை வேட்டையாடிக்கொண்டிருந்தவர்கள் உங்கள் ஊரிலிருந்து வந்த துரைகள்தான், வேட்டைக்காகவே அந்த மலையைப் பொத்திப் பாதுகாத்தவர்களும் அவர்களேதான், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்கா ஆனதற்குப் பிறகு ஆடு நம்மைப் பார்த்து ஓடுவதில்லை. ராஜமலையில் டூரிஸ்டுக்குப் போஸ் கொடுக்கிறது. கேட்டவர் நல்ல மனுஷனாக இருந்தால் அடுத்த ரவுண்டு அவர் செலவு.

அப்புறம், அவர்கள் பழைய சால்மன் ஃப்ளை பெட்டியைத் திறந்து காட்டினால் உற்றுப் பார். ரெண்டு பக்கமும் கண் மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னப் புள்ளி பளபளக்கும், மெழுகைச் சொட்டி வைத்தது போல இருக்கும். அது நம்ம காட்டுச்சேவல் கழுத்து இறகு. சாம்பல் காட்டுக்கோழி என்று எழுதுவார்களே அதேதான், விடியற்காலையில் எஸ்டேட் ஓரத்தில் கத்துமே அதுதான். அவர்கள் பாட்டன் காலத்தில் சுட்டுக் கழுத்தை உரித்துக் கப்பலில் அனுப்பினார்கள், அந்த இறகு இல்லாமல் அவர்கள் ஈ முழுமையாகாது. இப்போது இங்கே அந்தப் பறவையைத் தொட்டால் கேஸ், ஏற்றுமதிக்கும் தடை, அதனால் அங்கேயே கூண்டில் வளர்த்து இறகு எடுக்கிறார்கள். உன் துப்பாக்கிக்காரர்கள் சுட்டது இல்லையென்றால் உன் ஃப்ளைக்காரர்கள் பெட்டி காலி. நீ எந்தப் பக்கம் என்று கேட்டால், நான் சேவல் பக்கம் என்று சொல்.

எனக்கு நாட்டுச்சேவல் போதும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அடிக்கும்போது கழுத்து இறகை அம்மா தனியாக எடுத்து வைத்துவிடுகிறாள். ஒரு இறகை நுனியில் பிடித்து, இழைகளை எதிர்ப்பக்கமாக நீவி, கொக்கியின் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் கறுப்பு நூலால் கட்டிச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் இழைகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். தண்ணீரில் அதுதான் பூச்சிக்குக் கால். முடிச்சுப் போட்டு அம்மா நெயில் பாலிஷில் ஒரு சொட்டு. அவள் சிவப்பு வாங்கிவிட்டாள், அதனால் இந்த வருஷம் என் ஈக்களுக்கெல்லாம் தலை சிவப்பு, மாமா குங்குமம் வைத்த ஈ என்கிறார்.

அங்கே ஒரே நாளில் ஒரு சால்மன், ஒரு கலைமான், ஒரு ஜோடி க்ரவுஸ் பறவை மூன்றையும் முடிக்கிறவனுக்கு மக்னாப் என்று பெரிய பெயராமே, உன் கோஷ்டியில் யாராவது முடித்தவர்கள் இருக்கிறார்களா என்று மாமா கேட்கச் சொன்னார். இருந்தால் அவருக்கு ஒரு போட்டோ வேண்டுமாம், டீக்கடையில் ஒட்டப் போகிறாராம். சேட்டன் அதற்கு மூணாறு மக்னாப் ஒன்று வைத்திருக்கிறார்: ஒரே நாளில் ஒரு டிரவுட், ஒரு பத்து மார்க் அட்டை, வீட்டில் திட்டு வாங்காமல் சாப்பாடு. மூன்றாவதுதான் யாருக்கும் வரவில்லை.

14ஆம் நம்பர் கொக்கி ஒரு பாக்கெட் கிடைத்தால் வரும்போது எடுத்து வா, இங்கே கிடைப்பது வளைந்துவிடுகிறது. கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கு. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் சால்மன் பிடிக்கத் தடை என்று எனக்குத் தெரியும், ஆற்றில் நின்றேன் அதனால் போன் எடுக்கவில்லை என்று அம்மாவிடம் கதை விடாதே.

அப்பா